மைத்துனர் புதுப்பிக்காத வாக்கி-டாக்கி உரிமம்: என் நிறுவனம் மாட்டுமா?

கேள்வி: ஐயா, நான் கிரேன் வேலைகளுக்கு ஆட்களும் கருவிகளும் அனுப்பும் துணை ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறேன். 2015இல் என் மைத்துனர் தன் பெயரில் ஒற்றை உரிமையாளர் தொழிலாகத் தொடங்கியது இது. வாக்கி-டாக்கி உரிமத்தையும் அப்போது தெம்பனிஸ் சைட்டுக்காக அவர்தான் எடுத்தார். 2022இல் நான் இதைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினேன். பிறகு எங்களுக்குள் மனக்கசப்பு, அவர் விலகிவிட்டார். உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் அவர் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. வேண்டுமென்றே எங்களிடம் சொல்லவில்லை. இப்போது தெங்கா சைட்டில் எங்கள் பேச்சு பக்கத்துச் சைட்டின் கிரேன் சேனலில் குறுக்கிடுவதாகப் புகார். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏவின் அதிகாரிகள் வந்து செட்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பழைய உரிமத்தைப் பின்தேதியிட்டுப் புதுப்பிக்க முடியுமா? மைத்துனர் மீதும், ‘எல்லாம் ரிஜிஸ்டர் ஆனது’ என்று சொல்லி செட் விற்ற கடைக்காரர் மீதும் வழக்குப் போடலாமா?
வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி மைத்துனரைப் பற்றியது. அதைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அவர் குடும்பத்துக்குச் செய்தது, செய்யாதது எதுவும் இந்த விவகாரத்தில் உங்களுக்கு உதவாது. சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: புகார் வந்த அன்று, தெங்காவில், அந்த அலைவரிசையில் பேச உங்கள் நிறுவனத்திடம் உரிமம் இருந்ததா?

இல்லை. மைத்துனர் ஒழுங்காகப் புதுப்பித்திருந்தாலும் இருந்திருக்காது.

ஒற்றை உரிமையாளர் தொழில் அப்படியே பிரைவேட் லிமிடெட்டாக மாறிவிடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ராவில் புதிதாக ஒரு நிறுவனம் பிறக்கிறது, அதற்குப் புதிய யூஇஎன் எண், அதாவது தனிப் பதிவு எண், கிடைக்கிறது. பழைய தொழிலின் ஒப்பந்தங்கள், அனுமதிகள், உரிமங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், அல்லது புதிதாக எடுக்க வேண்டும். ரேடியோ உரிமத்தை ஆணையத்தின் சம்மதம் இல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. ஆக, 2022 முதல் நீங்கள் பயன்படுத்தியது மைத்துனருடைய உரிமம்.

அதுவும் ஓர் இடத்துக்குக் கட்டுப்பட்ட உரிமம். கட்டுமானத் தளம், ஹோட்டல், கடைத்தொகுதி போன்ற ஒரே வளாகத்துக்குத் தரும் தனியார் வலையமைப்பு உரிமம் வேறு, தீவு முழுவதும் பேசத் தரும் உரிமம் வேறு. தெம்பனிஸுக்கு எடுத்ததைத் தெங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இது வெறும் காகிதக் கெடுபிடி அல்ல. இந்தச் சின்னத் தீவில் ஒரே அலைவரிசையைக் கிழக்கில் ஒருவருக்கும் மேற்கில் ஒருவருக்கும் பிரித்துக் கொடுத்தால்தான் எல்லோருக்கும் கட்டுப்படியாகும். கடலுக்கு அப்பால் ஜொகூரும் பாத்தாமும் இருப்பதால் மலேசியாவோடும் இந்தோனேசியாவோடும் ஒத்துப்பேசித்தான் அலைவரிசைகள் ஒதுக்கப்படுகின்றன. கிழக்கிலுள்ள தெம்பனிஸின் சேனலோடு நீங்கள் மேற்கிலுள்ள தெங்காவுக்குப் போனதும் பக்கத்துச் சைட்டில் குறுக்கீடு வந்தது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

எனவே பின்தேதியிட்ட புதுப்பித்தல் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். புதுப்பிக்க உங்களிடம் எதுவும் இல்லை. உங்கள் நிறுவனத்தின் பெயரில், தெங்கா முகவரிக்குப் புதிய விண்ணப்பம் போடுங்கள். நிறுவனங்கள் அரசாங்க இணையச் சேவைகளுக்குப் பயன்படுத்தும் கார்ப்பாஸ் வழியாக எப்படிப் போடுவது என்று உங்கள் கணக்காளருக்கே தெரியும். உரிமம் கைக்கு வரும்வரை அந்த செட்களை அணைத்து வையுங்கள். ‘அப்ளை பண்ணியாச்சு’ என்பது உரிமம் அல்ல. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தால், தெரிந்தே செய்த குற்றமாகிவிடும்.

கிரேன் வேலை நிற்குமே என்பீர்கள். மெயின்கானின், அதாவது முதன்மை ஒப்பந்ததாரரின், ரேடியோவைப் பயன்படுத்த முடியுமா, அவர்கள் உரிமம் உங்கள் ஆட்களையும் உள்ளடக்குமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் சக்திக்குள் இயங்கும் சிறு செட்களுக்குத் தனி உரிமம் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அது யார் வேண்டுமானாலும் பேசும் பொதுச் சேனல். சுமை தூக்கும்போது, கிரேன் ஓட்டுநருக்கு வழிகாட்டும் சிக்னல்மேன் ‘நிறுத்து’ என்று சொல்லும் நொடியில் வேறு யாரோ அதில் பேசிக்கொண்டிருந்தால், கீழே நிற்பவர் உயிர் போகும். பொருள் ஏற்றி இறக்குவது பற்றிப் பேச அதை வைத்துக்கொள்ளலாம், கிரேனுக்கு வேண்டவே வேண்டாம். விபத்து நடந்தால் மனிதவள அமைச்சு உங்கள் தொடர்பு ஏற்பாட்டைத்தான் முதலில் கேட்கும். அப்போது இந்த ரேடியோ விவகாரம் வேலையிடப் பாதுகாப்பு வழக்காகப் பெரிதாகிவிடும்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தருவதைச் சொல்கிறேன். உரிமம் இல்லாமல் பேசியதைவிட, அதற்குப் பிறகு செய்யும் காரியங்களால்தான் என்னிடம் வந்தவர்கள் கெட்டிருக்கிறார்கள்.

முதல் ஆபத்து அந்த விளக்கக் கடிதம். கோபத்தில் இருப்பவர் நான்கு பக்கம் எழுதுவார். ‘மைத்துனர் ஏமாற்றினார், நாங்கள் மூன்று வருடமாக எல்லா சைட்டிலும் இதே செட்களைத்தான் பயன்படுத்துகிறோம், ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை’ என்று ஒரு வரி அதில் நிச்சயம் இருக்கும். தன் நேர்மைக்குச் சாட்சியாக அவர் எழுதும் அந்த வரி, ஒரு சைட்டைப் பற்றிக் கேட்ட அதிகாரியின் கையில் எல்லா சைட்டுகளையும் கொடுத்துவிடுகிறது. கேட்டதற்கு மட்டும், உண்மையாக, சுருக்கமாகப் பதில் எழுதுங்கள். குடும்பக் கதை ஒரு வரிகூட வேண்டாம். அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞர் அதைப் பார்க்கட்டும். பதில் போடாமல் இருந்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். தகவல் கேட்க ஆணையத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. நேரம் போதாவிட்டால், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள்.

இரண்டாவது, இதைவிட மோசமானது, பின்தேதியிட்ட காகிதம். ‘மைத்துனரோடு சமாதானமாகி, 2022இலேயே உரிமத்தை ஒப்படைத்ததாக ஓர் ஒப்பந்தம் தயார் செய்துவிட்டால்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒப்பந்தம் உண்மையாக இருந்தாலே ஆணையத்தின் சம்மதம் இல்லாததால் பயன் இல்லை. பொய்யாக இருந்தால், அரசாங்க ஊழியருக்குப் பொய்த் தகவல் தருவது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 182ஆம் பிரிவில் தனிக் குற்றம். அபராதத்தோடு முடியக்கூடிய ஒரு விஷயத்தை உங்கள் கையாலேயே சிறை வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது, செட்களைக் கடையில் கொடுத்துச் சேனலை அழிப்பது, தூக்கி எறிவது, ஊருக்குப் போகும் ஊழியரிடம் கொடுத்தனுப்புவது. எண்களை அதிகாரிகள் ஏற்கெனவே குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது அவை காணாமல் போனால், நீதியின் போக்கைத் தடுத்ததாகப் பார்ப்பார்கள். ஒரு பெட்டியில் பூட்டி வைத்து, பட்டியல் எழுதி, அப்படியே விடுங்கள்.

ஊழியர்கள் விஷயத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் பிள்ளைகளையும் அதிகாரிகள் விசாரிக்கலாம். ‘இப்படிச் சொல், அப்படிச் சொல்’ என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். முதலாளி சொன்னதற்காக ஒரு சிக்னல்மேன் பொய் வாக்குமூலம் கொடுத்தால், வேலையையும் பெர்மிட்டையும் இழந்து கடனோடு ஊர் திரும்பப்போவது அவர்தான். தெரிந்ததை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

தொலைத்தொடர்புச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு அபராதம், சிறை இரண்டுமே உண்டு. நிறுவனம் செய்த குற்றத்துக்கு இயக்குநரும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக நேரலாம், அதாவது நீங்கள். ஆனால் வழக்குக்குப் போகாமல், சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒரு வாய்ப்பு எழுத்தில் வந்தால், தொகையைப் பற்றி வாதாடாமல் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். அது குற்றத்தீர்ப்பாகப் பதிவாகாது. கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போய்க் குற்றவாளியாகத் தீர்ப்பு வாங்கினால், அடுத்த டெண்டர் படிவத்தில் அதை நீங்களே எழுத வேண்டி வரலாம்.

கடைக்காரரை விடுங்கள். செட்டின் பின்னால் ஐஎம்டிஏ தரநிலைக்கு இணங்குவதாக ஒட்டு வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் சொன்னது உண்மை: கருவி பதிவானது. கருவியை விற்கப் பதிவு, அதை இயக்க உரிமம். இரண்டாவது உங்கள் பொறுப்பு. வில்லை இல்லாவிட்டால் மட்டும், பணத்தைத் திரும்பக் கேட்கச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போகலாம்.

மைத்துனர் மீது வழக்கு வேண்டவே வேண்டாம். தன் பெயரில் இருந்த உரிமத்தை உங்களுக்காகப் புதுப்பிக்க வேண்டிய கடமை அவருக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒப்பந்தம் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. வழக்குப் போட்டால், ‘என் நிறுவனம் உரிமமில்லாமல் பேசியது’ என்பதை உங்கள் மனுவிலேயே நீங்கள் எழுத வேண்டும். அது உங்களுக்கு எதிரான வாக்குமூலம். சாட்சிக்கூண்டில் அவர் உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்பதையும் யோசியுங்கள்.

உண்மையில் இப்போது உங்களுக்கு அவர் தேவை. பழைய உரிமத்தின் நகல், அலைவரிசைப் பட்டியல், செட் வாங்கிய ரசீதுகள், அந்த நினைவூட்டல் மின்னஞ்சல் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. தன் பெயரில் இருந்த உரிமத்தை வேறொரு நிறுவனம் பயன்படுத்தியது பற்றி அவரிடமும் கேள்வி வரலாம், அதனால் அவருக்கும் இதை அமைதியாக முடிக்கக் காரணம் உண்டு. இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள். செட்கள் யாருக்குச் சொந்தம், இனி ஒருவர் மேல் ஒருவர் எந்தக் கோரிக்கையும் வைப்பதில்லை என்று இன்றைய தேதியில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். செட்களுக்காக அவர் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். காகிதங்கள் கைக்கு வந்ததும், பதில் கடிதம் எழுதும் முன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.