ஹெவி மெட்டல் இசை போரை எதிர்க்கிறதா, கொண்டாடுகிறதா?

மண்டை ஓடும் பீரங்கியும் வரைந்த சட்டையோடு, ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையை இவ்வளவு இரைச்சலாகப் பாடுபவர்கள் போரை எதிர்ப்பது முரணல்லவா என்று கோவையில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இந்த இசை பிறந்த இடத்தைப் பார்த்தால் முரண் கரைந்துவிடும். இதன் முன்னோடிகளான பிளாக் சாபத் குழுவினர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொழிலாளர் குடும்பங்களில் வளர்ந்தவர்கள்; அவர்களில் கிதார் வாசித்த டோனி அயோமி, தகட்டு ஆலை இயந்திரத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தவர். கோவை கணபதிப் பகுதிப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த விபத்தை விளக்க வேண்டியதில்லை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970இல் வெளியான அவர்களுடைய 'வார் பிக்ஸ்' (போர்ப் பன்றிகள்) பாடல், போரைத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அரசியல்வாதிகளையும், ஏழைகளைச் சாக அனுப்பும் அவர்களது வழக்கத்தையும் நேரடியாகச் சாடுகிறது. நம்மூர் மில் சங்கு வேலைக்கு அழைத்தது. அப்பாடலின் தொடக்கத்தில் ஒலிப்பதோ, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான பர்மிங்காமின் மூத்தோர் மறந்திருக்க முடியாத விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு.

இரைச்சலுக்கும் அங்கே வேலை உண்டு. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் 'ஒன்' (1988) பாடல், கண்ணிவெடியில் கைகால்களோடு பார்வை, பேச்சு, கேட்கும் திறன் ஆகியவற்றையும் இழந்து உடலுக்குள்ளேயே சிறைப்பட்ட சிப்பாயின் குரலாக மெதுவாகத் தொடங்கி, பிற்பகுதியில் இயந்திரத் துப்பாக்கியைப் போல அதிரும் முரசடியாக மாறுகிறது; இதை மென்மையான மெட்டில் பாடியிருந்தால் வெறும் இரக்கமே மிஞ்சியிருக்கும் என்பது என் கருத்து.

போரை வெறும் சாகசக் காட்சியாக்கும் மெட்டல் பாடல்களும் இருக்கின்றன. ஆகவே சட்டையிலுள்ள படத்தை விட்டுவிட்டு, பாடல் யாருடைய வாயிலிருந்து பேசுகிறது என்று கேளுங்கள், தம்பி.