அக்ரிலிக் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையைக் கீறாமல் எடுப்பது எப்படி?

பொம்மை வைக்க வாங்கிய அக்ரிலிக் பெட்டியில் இருந்த விலை ஸ்டிக்கரைக் கிழித்தபோது பாதிதான் வந்தது, பசை அப்படியே நிற்கிறது, கீறல் விழாமல் எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெயின்ட் தின்னர், பெட்ரோல் இந்த நான்கையும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் போதும். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்மாவிடம் பழைய தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஒன்று உண்டு. ஒரு நவராத்திரிக்கு முன்னால் அதற்கு அளவு கொடுத்து அக்ரிலிக் பெட்டி செய்து வாங்கினேன். கடையில் முன்பக்கத்திலேயே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கிழித்தேன், பசை நின்றது. கைக்கு எட்டிய சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பசை உடனே வந்துவிட்டது. சில நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய விரிசல்கள், வரிசையாக உள்நோக்கி ஓடியிருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அக்ரிலிக் தகட்டை லேசரில் வெட்டும்போது ஓரம் உருகி, வேகமாக ஆறுகிறது. அந்த இடத்தில் ஓர் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. வளைத்த இடங்களிலும் திருகாணி போட்ட துளைகளிலும் இதே கதைதான். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் பட்டவுடன் அந்த இறுக்கம் விரிசலாக வெளிப்படுகிறது. மேலே விழுந்த கீறலையாவது பாலிஷ் போட்டு ஓரளவு மறைக்கலாம். இது பிளாஸ்டிக்குக்கு உள்ளே இறங்கும் விரிசல், போகவே போகாது. நெயில் பாலிஷ் ரிமூவர் இன்னும் மோசம். அதில் பொதுவாக அசிட்டோன் இருக்கும். அக்ரிலிக்கையே கரைத்து, பால் ஊற்றியது போல வெளுக்க வைத்துவிடும்.

சரி, செய்யும் முறைக்கு வருவோம். குழாயைத் திறந்து பெட்டியை நன்றாக அலசுங்கள். பொம்மையை எடுத்து வைத்துவிட்டுத்தான். இந்த வேலையில் பலரும் தாண்டிப் போகிற படி இதுதான், கீறல் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். நம் ஊர்த் தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது, மணல் அக்ரிலிக்கை விட மிகவும் கடினமானது. பசையில் ஒட்டியிருக்கும் அந்தத் துகள்களோடு சேர்த்துத் தேய்த்தால் எவ்வளவு மெத்தென்ற துணியாக இருந்தாலும் கோடு விழும்.

ஸ்டிக்கரின் காகிதம் மிச்சம் இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். காகிதம் ஊறி, விரலால் உருட்டினாலே வந்துவிடும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டைத் தாண்ட வேண்டாம். காகிதம் போனால்தான் எண்ணெய் பசைக்குப் போய்ச் சேரும்.

இனி தேங்காய் எண்ணெய். பசை மூழ்கும் அளவுக்குத் தாராளமாகத் தடவி, அரை மணி நேரம் அதைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டிக்கர் பசைக்குள் தண்ணீர் புகாது, எண்ணெய் மெல்லப் புகும். புகுந்து ஊறினால் பசை தன் பிடியை விட்டுக் கொழகொழவென்று ஆகிவிடும். அப்புறம் கட்டைவிரலால் ஒரே திசையில் தள்ளுங்கள், சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். வராத இடத்தில் அழுத்தம் கூட்டாதீர்கள், மறுபடி எண்ணெய் வைத்துக் காத்திருங்கள். வெயிலில் இருந்து மஞ்சளாகிப் போன பழைய பசைக்கு நான் மூன்று நான்கு முறை வைத்திருக்கிறேன். விரலுக்கு அடங்காததற்குக் காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தைப் படுக்க வைத்துத் தள்ளலாம். பிளேடு, கத்தி, பாத்திரம் தேய்க்கும் நார், டிஷ்யூ பேப்பர் எதுவும் வேண்டாம். பற்பசை வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். அதில் இருப்பது நுண்ணிய தேய்ப்புப் பொடி. பசை போன இடத்தில் புகைபடிந்தது போல ஒரு மங்கல் நிற்கும்.

மெல்லிய பசைப் படலம் மட்டும்தான் என்றால் எண்ணெய்கூட வேண்டாம். முள்ளை முள்ளால் எடுப்பது போல, ஒரு துண்டு செல்லோ டேப்பை அதன்மேல் ஒட்டி ஒட்டி எடுங்கள். பசையோடு பசை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தடிமனான டபுள் சைட் டேப்பாக இருந்தால் தையல் நூலை அடியில் கொடுத்து ரம்பம் போல இழுத்து அறுத்துவிட்டு, மிச்சத்துக்கு எண்ணெய் வையுங்கள்.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியால் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய் கொஞ்சம் தங்கினாலும் தூசியை இழுத்துப் பிடிக்கும். வறண்ட துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம், அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் ஏறி அதுவும் தூசியைக் கூப்பிடும். ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். கண்ணாடி ஜன்னல் துடைக்கும் ஸ்பிரேயும் தவிருங்கள், பலவற்றில் அமோனியா இருக்கும், அக்ரிலிக்குக்கு ஆகாது.

வேறு பிளாஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1 என்றால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். மிட்டாய் ஜாடிகள், கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில்கள் பெரும்பாலும் இதுதான். இதற்குச் சானிடைசர் போட்டாலும் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிவிடும். 6 என்றால் பாலிஸ்டைரீன், பழைய சிடி உறைகள் இந்த வகை. ஆரஞ்சுத்தோல் எண்ணெய் கலந்த பசை நீக்கிகளும் நீலகிரித் தைலமும் இதைக் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெயைக்கூட இதில் ஊற வைக்காமல் சீக்கிரம் கழுவிவிடுவது நல்லது. ஹெல்மெட் வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட், மேலே கீறல் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கும். அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து விரலால் எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருள், அதில் நான் எந்தப் பரிசோதனையும் செய்வதில்லை.

உங்கள் பெட்டியில் எண் எதுவும் இல்லை என்றால் அடிப்பக்கத்து மூலையில் ஒரு சொட்டு எண்ணெயை வைத்து அரை மணி நேரம் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முன்பக்கத்துக்கு வாருங்கள்.