கழுத்துல ஊசி, கையில ஆபரேஷன்: மயக்க மருந்து டாக்டர் பதில்கள்

கை ஆபரேஷனுக்கு எல்லா நேரமும் முழு மயக்கம் தேவையில்ல, ஸ்கேன் பாத்துக்கிட்டே நரம்புகிட்ட ஊசி போட்டு கைய மட்டும் மரக்க வைக்கலாம்னு போன இதழ்ல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு நெறைய கடிதம் வந்திருக்கு. சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

கே: அம்மாவுக்கு 68 வயசு, ஆஸ்துமா, சுகர் ரெண்டும் இருக்கு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிருச்சு, பிளேட் வைக்கணும்ங்கறாங்க. காறை எலும்புக்கு மேல ஊசி போட்டு கைய மட்டும் மரத்துப்போக வெச்சிடலாம்னு மயக்க டாக்டர் சொல்றாரு. உடைஞ்சது மணிக்கட்டு, ஊசி எதுக்கு கழுத்துகிட்ட? பயமா இருக்கு டாக்டர்.
– ஒரு மகன், ஈரோடு

ப: பயப்படாதீங்க தம்பி. ஒரு வீட்டுக்கு கரண்ட நிறுத்தணும்னா லைன்மேன் வீட்டுக்குள்ள வந்து ஒவ்வொரு ஒயரா தேடிக்கிட்டு இருக்கமாட்டாரு, கம்பத்துலயே ஃபியூஸப் புடுங்கிடுவாரு. கைக்குப் போற நரம்பும் அப்படித்தான், கழுத்துல தண்டுவடத்துலருந்து 5 வேரா கெளம்பி, ஒண்ணோட ஒண்ணு பின்னி, காறை எலும்புகிட்ட ஒரே கொத்தா வந்து, அக்குள் பக்கம் தனித்தனியா பிரிஞ்சு விரல் வரைக்கும் ஓடுது. அந்தக் கொத்துகிட்ட 20, 30 மில்லி மருந்து விட்டா முழங்கைலருந்து விரல் நுனி வரைக்கும் மரத்துரும்.

இந்த ஊசி புதுசு இல்ல. 1911லயே ஜெர்மனில குலன்காம்ஃப்னு ஒரு டாக்டர் காறை எலும்புக்கு மேல இத தன் உடம்புலயே போட்டுப் பாத்தாரு. ஆனா அன்னிலருந்து ரொம்ப வருஷம் எல்லாம் கைத்தடவல்தான், ஊசிய உள்ள விட்டு "கை விரல்ல ஷாக் அடிக்குதா, சொல்லுங்க"ன்னு பேஷண்ட்கிட்டயே கேட்டு நரம்பக் கண்டுபிடிப்பாங்க. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய், கீழ நுரையீரல், கண்ணு தெரியாம ஊசி போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1994ல வியன்னா டாக்டர்கள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல பாத்தே இந்த ஊசிய போட்டதப் பத்தி எழுதினாங்க, அதுக்கப்புறம்தான் நெலம மாறிச்சு.

இப்ப நாங்க பாக்கறது என்னன்னு சொல்றேன். ஸ்கேன் மெஷினோட புரோப்புல, அதாவது உடம்புல வெச்சுப் பாக்கற கருவில, ஜெல் தடவி காறை எலும்புக்கு மேல வெச்சா ஸ்கிரீன்ல மொதல்ல ஒரு கறுப்பு வட்டம் துடிச்சுக்கிட்டே இருக்கும், அது ரத்தக்குழாய். அத ஒட்டி திராட்சக் கொத்து மாதிரி சின்னச் சின்ன கறுப்பு உருண்டைங்க, அதான் நரம்பு. கீழ பளிச்சுன்னு வெள்ளைக் கோடா மொதல் விலா எலும்பு, பக்கத்துல மூச்சு விட விட மினுக்கிக்கிட்டு நகர்ற கோடு நுரையீரலோட உறை. ஊசி பக்கவாட்டுலருந்து வெள்ளிக் கம்பியாட்டம் உள்ள வரும், நுனி கண்ணுக்குத் தெரியலன்னா என் கை ஒரு இம்மி நகராது. மருந்து விட்டதும் அது கறுப்பா பரவி அந்த உருண்டைங்கள ஒண்ணொண்ணா விலக்கி விடும், தண்ணில மிதக்குற மாதிரி இருக்கும், இத்தன வருஷத்துக்கப்புறமும் அதப் பாத்தா எனக்கு மனசு நெறையும்.

ஒண்ணு மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேளுங்க: அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கே, அக்குள் பக்கமா போடலாமான்னு. மணிக்கட்டுக்கு அதுவே போதும், மூச்சுக்கான நரம்புலருந்தும் நுரையீரல்லருந்தும் தள்ளி இருக்கு. கை மட்டும்தானேன்னு காலைல இட்லி குடுத்துக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, சாப்பாடு 6 மணி நேரம், தண்ணி 2 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், ஏன்னா கை சரியா மரக்கலன்னா முழு மயக்கத்துக்குப் போக வேண்டி வரலாம். சுகர் மாத்திரை, இன்சுலின் அன்னிக்கு என்ன பண்ணணும்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

கே: எனக்கு முழங்கையில ஆபரேஷன். ஊசி போட்டு கொஞ்ச நேரம் ஆகியும் தொட்டா தெரிஞ்சுது, மரக்காமலே அறுத்துருவாங்களோன்னு அழுதுட்டேன். அப்புறம் வலியே இல்ல. ஆனா கைய மடக்கி வெச்சிருக்கற மாதிரியே இருந்துச்சு, பாத்தா நீட்டிக்கிட்டு கெடக்கு! ஏன் இப்படி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

ப: நீங்க அழுததுல தப்பே இல்லம்மா, தப்பு எங்க பக்கம், முன்னாடியே சொல்லியிருக்கணும். மருந்து முழுசா பிடிக்க 20லருந்து 30 நிமிஷம் ஆகும். மொதல்ல குளிர்ச்சியும் வலியும் போகும், தொடுறது, அழுத்துறது, இழுக்கறதெல்லாம் அப்புறம்தான், சில பேருக்கு அது கடைசி வரைக்கும் லேசா தெரியும். அதனாலதான் ஸ்பிரிட் பஞ்ச வெச்சு "ஜில்லுனு இருக்கா"ன்னு ஒவ்வொரு எடமா கேக்கறோம். எங்கயாவது ஜில்லுனு இருந்தா தயங்காம சொல்லுங்க, அந்த நரம்புக்கு மட்டும் கொஞ்சம் கூட மருந்து குடுக்கலாம். மேல்கையோட உள்பக்கத் தோலுக்கு வேற நரம்பும் வருது, இந்த ஊசி அத மரக்க வைக்காது, ஆபரேஷன்ல ரத்தம் வராம இருக்க காத்தடிச்சு இறுக்குற பட்டை அங்க வலிச்சா அதயும் சொல்லணும். ஊசி போடும்போதோ அப்புறமோ நாக்கு, ஒதடு மதமதன்னு ஆனாலோ காதுல இரைஞ்சாலோ அந்த நொடியே சொல்லணும், மருந்து ரத்தத்துல அதிகமா கலந்ததுக்கு அதான் மொத அறிகுறி, அதுக்கு மாத்து மருந்தா 20 சதவீத கொழுப்புக் கரைசல் தியேட்டர்லயே தயாரா இருக்கணும்.

கை மடங்கின மாதிரி இருந்தது உங்களுக்கு மட்டும் இல்ல. கைலருந்து தகவல் வர்றது நின்னதும், கை எப்படி இருக்குன்னு மூளை தானாவே ஒரு நெலமய நெனச்சுக்குது. என் பேஷண்ட் ஒரு பாட்டி, பக்கத்துல கெடந்த தன் கையத் தொட்டுப் பாத்துட்டு "இது யார் கைய்யி, எடுங்கம்மா"ன்னு கேட்டாங்க, நான் அந்தக் கைய அவங்க கண்ணு முன்னாடி தூக்கிக் காட்டினப்புறம்தான் நம்பினாங்க.

கே: தோள்பட்டை ஆபரேஷனுக்கு கழுத்துல ஊசி போட்டதும் அப்பாவுக்கு ஒரு பக்க இமை தொங்கிருச்சு, குரல் கம்மிருச்சு. பக்கவாதமா?
– மதுரை வாசகர்

ப: பெரும்பாலும் இல்ல சார். கழுத்துல அந்த மருந்து பக்கத்து நரம்புங்களுக்கும் கொஞ்சம் பரவும், அது எறங்கும்போது இமையும் குரலும் திரும்பிரும். அந்தப் பக்க உதரவிதானமும் (மூச்சு இழுக்கற தசை) கொஞ்ச நேரம் வேல செய்யாம போகலாம், அதனால மூச்சுக்கோளாறு இருக்கறவங்களுக்கு யோசிச்சுத்தான் போடுவோம். எப்பவா இருந்தாலும் வாய் கோணினாலோ, கால் இழுத்தாலோ, இல்ல மருந்து எறங்கினப்புறமும் இமை தொங்கினாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க.

கே: டயாலிசிஸுக்காக கையில பிஸ்டுலா (ரெண்டு ரத்தக்குழாய ஒண்ணா இணைக்கறது) போடப்போறாங்க. அதுக்கும் கைய மரக்க வைக்கற இந்த ஊசி, அதான் பிளாக்னு சொல்றாங்களே, அது நல்லதா?
– வேலூர் வாசகர்

ப: நல்லது. கை மரக்கும்போது ரத்தக்குழாய இறுக்கிப் பிடிக்கற நரம்பும் தளர்ந்துரும், கை கதகதன்னு ஆகி புறங்கையில நாம பேச்சுல நரம்புன்னு சொல்ற ரத்தக்குழாய்ங்க பொடச்சுக்கும். கிளாஸ்கோல 126 பேர வெச்சு செஞ்ச ஆய்வு 2016ல வந்துச்சு, வெட்டுற எடத்துல மட்டும் மரக்க வெச்சவங்கள்ல 3 மாசம் கழிச்சு 62 சதவீதம் பேருக்கு பிஸ்டுலா ஓடுச்சு, பிளாக் போட்டவங்கள்ல 84 சதவீதம். டயாலிசிஸ் பேஷண்டுக்கு அந்தக் கைதான் உயிர்நாடி, கேட்டு வாங்கிக்கோங்க.

கே: எங்க ஊர் நர்சிங் ஹோம்ல அந்த ஸ்கேன் மெஷின் இல்லயாம். வெளிலருந்து வர்ற டாக்டர் எடுத்துட்டு வரக்கூடாதா?
– தேனி வாசகி

ப: நெனச்சபடி தூக்கிட்டு வர முடியாதும்மா. கருவுல ஆணா பொண்ணான்னு பாக்கறதத் தடுக்க 1994ல வந்த சட்டப்படி நம்ம நாட்டுல ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினையும் எடத்தோட பதிவு பண்ணணும். பொண்ணுக் குழந்தைங்களக் காப்பாத்த வந்த சட்டம், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல, ஆனா ஊர் ஊரா போற மயக்க டாக்டருக்கு இதுக்கு ஒரு நேரான வழி பண்ணிக் குடுக்கணும்னு மனசார நெனக்கறேன். மெஷின் இல்லன்னா லேசா கரண்ட் குடுத்து விரல் துடிக்குதான்னு பாத்து நரம்பக் கண்டுபிடிக்கற கருவி இருக்கு, பழகின கை போட்டா அதுலயும் நல்லா மரக்கும்.

கே: ஆபரேஷன் முடிஞ்சு சாயங்காலமே வீட்டுக்கு வந்தேன், வலியே இல்ல. ராத்திரி 2 மணிக்கு உயிர் போற வலி. என்ன தப்பு பண்ணேன்?
– கோவை வாசகர்

ப: வலி இல்லயேன்னு மாத்திரைய விட்டிருப்பீங்க. எல்லாரும் செய்யறதுதான். மருந்தோட வேல 8 மணி நேரமோ 12 மணி நேரமோ சில நேரம் அதுக்கு மேலயோ இருந்துட்டு திடீர்னு எறங்கும், வலி மொத்தமா வந்து நிக்கும், அதுக்கப்புறம் மாத்திரை போட்டா அது வேல செய்யறதுக்குள்ள விடிஞ்சிரும். டாக்டர் எழுதிக் குடுத்தத நேரத்துக்குப் போடணும், விரல் லேசா மதமதப்பு விட்டுக் குறுகுறுன்னு ஆரம்பிக்குதுன்னா அப்பவே போட்டுரணும். அதுவரைக்கும் கை தூளியிலயே இருக்கட்டும், அடுப்புப் பக்கம், சுடுதண்ணிப் பக்கம் கொண்டு போகாதீங்க, சுட்டாலும் தெரியாது. கட்டுக்குள்ள விரல் வெளுத்தாலோ நீலமானாலோ, மாத்திரை போட்டும் வலி ஏறிக்கிட்டே போனாலோ, ஒரு நாள் ஆகியும் மரமரப்பு விடலன்னாலோ ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு போன் அடிங்க.