கொஞ்சம் ரத்தத்தில் பல உயிர்க்குறிகளை ஒரே நேரத்தில் எப்படி அளக்கிறார்கள்?

உடலில் நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் பொருள்தான் உயிர்க்குறி. இங்கே பார்ப்பவை புரதங்கள்.

அரிவாள் செல் நோயையே எடுத்துக்கொள்வோம்: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். இந்த நோயில் அழற்சியோடு (உடலின் வீக்க எதிர்வினையோடு) தொடர்புள்ள பல புரதங்கள் சேர்ந்தே ஏறி இறங்கும். தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ரத்தம் வேண்டும். ஏற்கெனவே சோகை உள்ள குழந்தையிடம் எவ்வளவுதான் எடுப்பது?

அதனால் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) அளவுள்ள நுண்மணிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு வகை மணிக்கும் தனி நிறக் கலவை. அதன் மேல் ஒரே ஒரு புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). ரத்தத்தின் தெளிநீரில் எல்லா மணிகளையும் கலக்கிறார்கள். அப்புறம், பிடிபட்ட புரதத்தில் ஒட்டி ஒளிரும் சாயம் சேர்க்கிறார்கள். கருவி மணிகளை ஒவ்வொன்றாக ஒளியில் பார்க்கிறது: மணியின் நிறம் எந்தப் புரதம் என்று சொல்லும், சாயத்தின் பளிச்சிடல் எவ்வளவு என்று சொல்லும்.

கோத்தகிரிப் பக்கம் பல சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை மூட்டைகள் ஒரே லாரியில் போகிற மாதிரிதான். மூட்டையில் உள்ள குறி யாருடையது என்று காட்டும். எடை, தராசின் வேலை.

‘ஒரே டெஸ்டில் எல்லா நோயும் தெரிந்துவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்த நுண்மணி முறை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கான அளவீடு, அரிவாள் செல் நோயை உறுதிசெய்ய ஹீமோகுளோபினின் வகையைப் பார்க்கும் பரிசோதனைதான் வேண்டும்.