கல்லீரலைப் பார்த்தால் தெரியும்: முயல் வைரஸ்கள் பற்றிய கேள்வி பதில்

செத்துக் கிடக்கும் முயல்களை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று கண்டுபிடிப்பது பல வருடமாக என் வேலை. முயல் நோய்களைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்றதும், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ஹேர், ராபிட் இரண்டையும் முயல் என்றே சொல்கிறோம். ஹேர் வளை தோண்டி வாழாது. அதன் குட்டி புல்வெளியில், உடம்பெல்லாம் முடியோடு, கண் திறந்தபடி பிறக்கும். ராபிட் குட்டி வளைக்குள் முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். பண்ணைகளில் கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல், சாம்பல் முயல் எல்லாமே ஐரோப்பிய ராபிட்டின் வாரிசுகள்தான். இங்கே ‘முயல்’ என்றால் ஹேர், ‘குழிமுயல்’ என்றால் ராபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் விஷயத்தில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

கேள்வி (ஸ்வீடனிலிருந்து): அக்கா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய முயல் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாய் குரைத்தும் ஓடவில்லை. மறுநாள் காலை செத்துக் கிடந்தது. விஷம் வைத்திருப்பார்களோ?

விஷமாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றுவது ஐரோப்பியப் பழுப்பு முயல் நோய்க்குறி. சுருக்கமாக ஈபிஎச்எஸ். இதை முதலில் கவனித்ததே உங்கள் நாட்டில்தான், 1980-களின் தொடக்கத்தில். கொஞ்ச நாளில் டென்மார்க்கிலும் பார்த்தார்கள். அப்போது அங்கிருந்தவர்களுக்கும் உங்களுக்கு வந்த அதே சந்தேகம்தான் வந்தது. வயலில் தெளிக்கும் மருந்தைச் சொன்னவர்கள் உண்டு, தீவனப் பயிரைச் சொன்னவர்கள் உண்டு. காரணம் கலிசிவைரஸ் என்ற வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று என்பது 1980-களின் கடைசியில்தான் உறுதியானது.

இந்த வைரஸ் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் கல்லீரல் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும். அறுத்துப் பார்த்தால் கல்லீரல் வெளுத்து, வேகவைத்தது போல எளிதில் உடைகிற மாதிரி இருக்கும். மூச்சுக்குழாய் சிவந்து, சில சமயம் ரத்த நுரையோடு இருக்கும். இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்த முயலுக்கு மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொள்ளும். கல்லீரல் வேலை செய்யாததால் மூளை கலங்குகிறது. பயம் போய்விடுகிறது. பயமே உயிராக வாழும் ஒரு பிராணி, நாய்க்கு முன்னால் சும்மா நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இந்த வைரஸ் தொற்றினால் நோய் வராது. எதிர்ப்புச் சக்தி மட்டும் வந்து, நீண்ட காலம் நிற்கும். அதனால் முயல் நெருக்கமாக இருக்கும் இடத்தில் வைரஸ் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், குட்டிகள் சின்ன வயதிலேயே அதைச் சந்தித்துவிடும், பெரிய சாவு நடக்காது. முயல் குறைந்துபோன இடத்தில்தான் ஆபத்து. அங்கே பல குட்டிகள் வைரஸையே பார்க்காமல் வளர்ந்துவிடும். அப்புறம் ஒரு இலையுதிர் காலத்தில் அது வந்து சேரும்போது பெரியவை கொத்தாகச் சாகும். ஏற்கெனவே குறைந்துபோன இடத்தை இது இன்னும் குறைத்துவிடும். வைரஸைத் துரத்துவதைவிட வேலியோரப் புதரையும் தரிசையும் காப்பாற்றி முயல் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் நல்ல வழி என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த முறை இப்படிப் பார்த்தால் கையால் தொடாமல் உங்கள் ஊர்க் கால்நடை ஆய்வகத்துக்குச் சொல்லுங்கள். கல்லீரலில் ஒரு துண்டு கிடைத்தால் பிசிஆர் சோதனையில் தெரிந்துவிடும்.

கேள்வி: குழிமுயலுக்கு வரும் ரத்தப்போக்கு நோயும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. ரத்தப்போக்கு நோய் 1984-இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான அங்கோரா குழிமுயல்களில் வெடித்தது. ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டில் சுமார் 14 கோடி பண்ணைக் குழிமுயல்கள் செத்தன. 1986-இல் இத்தாலிக்கு வந்து, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. அப்போதெல்லாம் கணக்கு சுலபமாக இருந்தது: அந்த வைரஸ் குழிமுயலுக்கு, ஈபிஎச்எஸ் முயலுக்கு.

2010-இல் பிரான்சில் ரத்தப்போக்கு நோய் வைரஸின் புது வகை ஒன்று கிளம்பியது. ஆர்எச்டிவி-2 என்று பெயர். பழைய தடுப்பூசி இதற்குச் சரியாக வேலை செய்யவில்லை. பழைய வைரஸ் விட்டுவைத்த சின்னக் குட்டிகளையும் இது கொன்றது. எங்களைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று: இது முயலுக்கும் தாவியது. சார்டினியாவின் முயல், தெற்கு இத்தாலியிலும் சிசிலியிலும் வாழும் இத்தாலிய முயல், பிறகு பழுப்பு முயல், மலை முயல் என்று வரிசையாக வந்தது. 2019-இல் அயர்லாந்தில் ஐரிஷ் முயலில் இதைக் கண்டதும், வேட்டை நாய்ப் பந்தயத்துக்காக முயல் பிடிக்கும் உரிமங்களை அரசு நிறுத்திவைத்தது. 2020-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தொடங்கி, அந்த நாட்டுக் காட்டு முயல்களிலேயே பரவியது. கலிபோர்னியாவில் அழியும் நிலையில் இருக்கும் ஆற்றோரப் புதர்க் குழிமுயல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தடுப்பூசி போட்டு விட்டார்கள்.

இப்போது செத்த முயல் ஒன்று மேசைக்கு வந்தால் வெறும் கண்ணால் பார்த்து இது ஈபிஎச்எஸ் என்று சொல்ல முடியாது. இரண்டு வைரஸும் கல்லீரலை ஒரே மாதிரிதான் கெடுக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்தே சோதிக்கிறோம்.

கேள்வி: முயலைப் பண்ணையில் வளர்ப்பார்களா? அங்கேயும் இது வருமா?

வளர்க்கிறார்கள். இத்தாலி, பிரான்ஸ், போலந்து போன்ற நாடுகளில், பெரும்பாலும் வேட்டைப் பகுதிகளில் கொண்டுபோய் விடுவதற்காக. தரையிலிருந்து உயர்த்திய கம்பிக் கூண்டில் ஜோடி ஜோடியாக இருக்கும். எத்தனை தலைமுறை கூண்டில் வளர்த்தாலும் அது பழகாது, ஆள் வந்தாலே துள்ளிக் கூண்டில் மோதிக்கொள்ளும்.

குட்டியிலேயே தொற்றினால் எதிர்ப்புச் சக்தி வரும் என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். சுத்தமான பண்ணையில் குட்டிகள் வைரஸைச் சந்திப்பதே இல்லை. பிறகு வெளியிலிருந்து பிடித்துவந்த ஒரு முயலிலோ, வயலில் அறுத்த பச்சைப் புல்லிலோ, வேலையாளின் செருப்பிலோ அது உள்ளே வந்தால், பெரிய முயல்கள் சில நாளில் வரிசையாகக் காலியாகிவிடும். குழிமுயலுக்கான தடுப்பூசியைப் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஈபிஎச்எஸ்ஸைத் தடுக்காது. இன்னொரு பக்கம், பண்ணை முயலைச் சோதிக்காமல் காட்டில் விட்டால் நோயையும் நாமே கொண்டுபோய் விட்ட மாதிரி. இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

கேள்வி (ஜெர்மனி, டுசல்டார்ப் பக்கம்): 2024-இல் எங்கள் பகுதியில் கண் வீங்கிய முயல்களைப் பார்த்தோம். அதுவும் இந்த வைரஸா?

இல்லை, அது மிக்சோமா. பெரியம்மை வைரஸ் இருக்கும் பாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னமெரிக்கக் காட்டுக் குழிமுயலில் இது தோலில் ஒரு சின்னக் கட்டியோடு முடிந்துவிடும். ஐரோப்பியக் குழிமுயலுக்கோ எமன். 1950-இல் ஆஸ்திரேலியாவில் குழிமுயலை ஒழிக்க இதைத் தெரிந்தே பரப்பினார்கள். 1952-இல் பிரான்சில் ஒரு ஓய்வுபெற்ற மருத்துவர் தன் தோட்டத்துக் குழிமுயல்களைக் குறைக்க நினைத்து இரண்டே இரண்டு குழிமுயல்களுக்கு ஊசி போட்டு விட்டார். அது ஐரோப்பா முழுக்கப் போய்விட்டது.

ஆனால் முயலுக்கு இது அபூர்வமாகத்தான் வந்துகொண்டிருந்தது. 2018 கோடையில் ஸ்பெயினின் தெற்கே ஐபீரிய முயல்கள் இமை வீங்கி, பார்வை போய், கூட்டமாகச் செத்தபோது நிலைமை மாறியது. மரபணுவைப் படித்துப் பார்த்ததில், வேறொரு பாக்ஸ் வைரஸிலிருந்து வந்த சுமார் 2,800 எழுத்து நீளத் துண்டு ஒன்று மிக்சோமாவுக்குள் ஒட்டியிருந்தது. ஆறு வருடம் கழித்து, 2024-இல், உங்கள் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் பழுப்பு முயல்களிடையே சாவு தொடங்கியது. கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் நோய் என்பதால் கோடையிலும் அதற்குப் பிந்திய மாதங்களிலும்தான் அதிகம் தெரியும். காட்டு முயல்களுக்குத் தடுப்பூசி போட வழியில்லை. வீட்டில் குழிமுயல் வளர்ப்பவர்கள் மட்டும் தடுப்பூசியும் கொசுவலையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: மனிதர்களுக்குத் தொற்றுமா? குழந்தைகள் செத்த முயலைத் தொட்டுவிட்டார்கள்.

நான் இதுவரை சொன்ன முயல், குழிமுயல் வைரஸ் எதுவும் மனிதரைத் தாக்காது. ஆனாலும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முயலுக்கு வரும் துலரீமியா நமக்கும் வரும். அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. தொட்ட சில நாளில் காய்ச்சலோ, கையில் புண்ணோ, அக்குளில் நெறிகட்டுதலோ வந்தால் மருத்துவரிடம் முயலைத் தொட்ட விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும்.

கேள்வி: எல்லா முயல் வைரஸும் கொல்லுமா?

இல்லை. நல்ல ஆரோக்கியமான முயல்களின் குடலில் ஈபிஎச்எஸ்ஸின் சொந்தக்கார வைரஸ்கள் எந்தத் தீங்கும் செய்யாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பிற்பாடு பல நாடுகளில் கண்டார்கள். அதனால் சோதனையில் ‘கலிசிவைரஸ் உண்டு’ என்று வந்தால் மட்டும் போதாது, எந்த வகை என்றும் கேளுங்கள்.

கேள்வி (கொடைக்கானல் பக்கம்): மேடம், நாற்பது முயல் வைத்துச் சின்னப் பண்ணை நடத்துகிறேன். நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உங்களுடையது குழிமுயல்தான், சார். அதனால் ரத்தப்போக்கு நோயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று நன்றாகத் தின்ற குழிமுயல் காலையில் செத்துக் கிடப்பது, சிலதுக்கு மூக்கில் ரத்தம், அடுத்தடுத்த நாளும் சாவு. இப்படி இருந்தால் செத்ததை வெளியே எறியாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வைரஸுக்கு ஆயுசு கெட்டி. துணியில் உலர்ந்த நிலையில் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்தாலும் சாகாது. ஈயும் சுமக்கும், பிணத்தைத் தின்ற நாயின் எச்சத்திலும் வெளிவரும். புதிதாக வாங்கும் குழிமுயலை ஒரு மாதம் தனியாக, தனிச் சட்டியில், தனி ஆள் இல்லாவிட்டால் கடைசியாகத் தீனி போட்டு வையுங்கள். கூண்டை முதலில் கழுவிக் காயவைத்து, அப்புறம் பிளீச்சிங் கரைசல் அடியுங்கள். எச்சம் ஒட்டியிருக்கும்போது அடித்தால் மருந்து வீண். செத்ததை ஆழமாகப் புதையுங்கள், நாய் தோண்டாத அளவுக்கு. பண்ணைக் கழிவைக் காட்டோரம் கொட்டவே கொட்டாதீர்கள். அந்தப் புதருக்குள் இருப்பது நம் காட்டு முயல், அது ஹேர். ஆர்எச்டிவி-2 ஒன்றுக்கு மேற்பட்ட ஹேர் இனங்களுக்குத் தாவியதை மேலே படித்தீர்கள் அல்லவா?