கரியில் ஓடிய கார்

அன்புள்ள ஐயா,

1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, எங்கள் பாட்டையா பர்மாவில் கடையையும் வயலையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார். அப்போது ஸ்வீடன் போன்ற நடுநிலை நாட்டுக்காரர்கள் காபி குடித்துக்கொண்டு காரில் போய்வந்திருப்பார்கள். நாமும் ஒதுங்கி நின்றிருந்தால் தப்பியிருப்போமோ?

ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி,

உங்கள் ஆற்றாமை புரிகிறது. பர்மாவில் விட்டு வந்ததை எண்ணி எண்ணியே மாய்ந்த வீடுகள் செட்டிநாட்டில் ஒன்றா இரண்டா? ஆனால் ஒதுங்குவதா வேண்டாமா என்று நம்மை யார் கேட்டார்கள்? 1939இல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று வெள்ளைக்கார வைஸ்ராயே அறிவித்துவிட்டார். அந்தப் பேச்சு போகட்டும்.

'காபி, கார்' என்று எழுதினீர்களே, அதைத்தான் விட மனமில்லை. விசாரிக்காமல் எழுதக்கூடாது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கிலும் நார்வேயிலும் புகுந்ததும் ஸ்வீடனின் மேற்குக் கடல்வழி அடைபட்டது. காபி ரேஷனுக்குப் போனது. சிக்கரியையும் வறுத்த தானியத்தையும் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். பெட்ரோலோ கண்ணில் படவில்லை.

கார் ஓடியது விறகிலும் கரியிலும். வண்டியின் பின்னால் ஓர் இரும்பு உலை. சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் பார்த்திருப்பீர்களே, அதே சூட்சுமம்: காற்றை அளந்து விட வேண்டும். தாராளமாக விட்டால் எல்லாம் எரிந்து சாம்பல். குறைத்து விட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ விறகு. அதுவும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு போட்டால் தார் இறங்கி வால்வு ஒட்டிக்கொள்ளும். கட்டைகள் உள்ளே ஒன்றோடொன்று சிக்கி நின்றுவிட்டால் கம்பியால் குத்திவிட வேண்டும். பற்றவைத்து, விசிறி சுற்றி, நல்ல வாயு வரும்வரை காத்திருந்துதான் கிளப்ப முடியும். அப்படியும் எஞ்சினின் பலத்தில் மூன்றிலொரு பங்காவது குறையும். மேடு வந்தால் திணறும்.

இதில் உயிருக்கே ஆபத்து இருந்தது. வண்டியை நிறுத்திய பிறகும் உலை கனிந்துகொண்டிருக்கும். கொட்டகைக் கதவைச் சாத்தினால் வாயு உள்ளேயே தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். குண்டு விழாத ஊரில் இப்படியும் ஆட்கள் செத்தார்கள், தம்பி.

அதே யுத்தகாலத்தில் நம் பக்கமும் கரி பஸ் ஓடியது. உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டிய ஆச்சி யாராவது இருந்தால், விசிறியைச் சுற்றியது யார், மேட்டில் இறங்கித் தள்ளினார்களா என்று இன்றைக்கே கேட்டு எழுதி அனுப்புங்கள்.