பரீட்சை முடிந்ததும் சென்னை: பிள்ளைகளோடு போகிறவர்கள் கேட்டவை

மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் மார்ச் கடைசியில் பரீட்சை முடிந்து, அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி கிடைக்கிறது. நம்ம பக்கத்தில் பல வீடுகளில் அப்போது சென்னைப் பயணப் பேச்சுதான். கல்யாணமாகிப் போய் நெடுங்காலம் சென்னையில் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவள் நான். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இப்போதும் போய் வருகிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

காரைக்குடியிலிருந்து ஓர் அம்மா: ஆச்சி, நாலு நாள்தான் கைவசம் இருக்கிறது. மெரினா, வண்டலூர், மகாபலிபுரம், மியூசியம், கிண்டி, தி.நகர் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

பார்த்துவிடலாம். ஆனால் பிள்ளைகள் மனதில் எதுவும் நிற்காது, டிராபிக்தான் நிற்கும். ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகமும் புனித ஜார்ஜ் கோட்டையும் ஒரு நாள். கோட்டூர்புரம் நூலகம், பிர்லா கோளரங்கம், கிண்டி சிறுவர் பூங்கா ஒரு நாள். பழங்கால வீடுகளைக் காட்டுகிற தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மகாபலிபுரம் எல்லாம் இருக்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு நாள். திருவல்லிக்கேணி, மெரினா, மயிலாப்பூர் ஒரு நாள். வண்டலூரை இந்த முறை விட்டாலும் விடுங்கள், இல்லையென்றால் போகிற வழியில் முடித்துக்கொள்ளுங்கள். தி.நகரைத் தனியாகச் சேர்க்காதீர்கள்.

வெளியே சுற்றுவதெல்லாம் காலை பதினொன்றுக்குள். நடுப்பகலில் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம், அல்லது கூரைக்குக் கீழே பார்க்கிற இடம். நம்ம ஊர் வெயில் பழகிய பிள்ளைகளையும் சென்னைப் புழுக்கம் சோர்த்துவிடும். சாயங்காலம் கடல்காற்று வந்தபின் மறுபடி கிளம்பலாம்.

தேவகோட்டையிலிருந்து: ரயிலா பஸ்ஸா, எது நல்லது? ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள்.

ரயில்தான். பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியில் விடியற்காலையில் கிளம்பி மதியவாக்கில் எழும்பூர் போகிறது. பகல் வண்டி என்பதால் பிள்ளைகள் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே வருவார்கள். ராத்திரி போகவேண்டும் என்றால் ராமேஸ்வரத்திலிருந்து வருகிற வண்டிகள் காரைக்குடி வழியாகப் போகின்றன. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த அன்றே போட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தனியாகப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். டிக்கெட்டில் எழும்பூரா தாம்பரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும்.

பஸ் என்றால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தெற்கே இருந்து போகிற பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. அங்கிருந்து எழும்பூர் 30 கிலோமீட்டருக்கு மேல். தூக்கம் கலைந்த பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இன்னொரு வண்டி மாறவேண்டும். வண்டலூர் மட்டும் பக்கம். அந்தப் பகுதியிலேயே தங்கிக் குளித்துச் சாப்பிட்டு, காலையிலேயே விலங்குப் பூங்காவைப் பார்த்துவிட்டு நகருக்குள் போகிறவர்களுக்கு பஸ்ஸும் சரிதான்.

புதுவயலிலிருந்து: போன வருஷம் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினோம். எது எந்த நாள் லீவு?

இதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட்டாலே பாதி வேலை முடிந்தது. வண்டலூர் பூங்கா, கிண்டி பாம்புப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி. முதலைப் பண்ணைக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கும் திங்கள். ஆகவே செவ்வாயன்று அருங்காட்சியகம், வெள்ளியன்று கிழக்குக் கடற்கரைச் சாலை என்று மாற்றிப் போடுங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகம் ஞாயிறும் திறந்திருக்கும், அரசு விடுமுறை நாளில்தான் மூடுவார்கள். அங்கே குழந்தைகள் பகுதியில் பெரிய மரம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்த பிள்ளையை எழுப்புவது கஷ்டம், எழுப்பவும் வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் அப்பா: தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு இருக்கிறது என்கிறார்கள். எங்கள் தெருவே அப்படித்தான் இருக்கிறது. அதைப் போய்க் காசு கொடுத்துப் பார்க்கவேண்டுமா?

கட்டாயம் பாருங்கள் அண்ணே. நம்ம பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அந்தத் திண்ணையிலும் வளவிலும் ஓடியாடுகிறார்கள், அதனாலேயே அதைப் பார்ப்பதில்லை. அங்கே நம்ம வீட்டுக்குப் பக்கத்திலேயே கேரளத்து மரவீடு இருக்கிறது, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றில் நுழையும்போதுதான் கேள்வி வரும். கேரளத்து வீட்டுக் கூரை ஏன் இவ்வளவு சரிவு? அங்கே கொட்டுகிற மழை அப்படி. நம்ம வீட்டில் நடுவில் வானம் பார்த்த முற்றம் ஏன்? காற்றும் வெளிச்சமும் உள்ளே வர, பெய்கிற கொஞ்ச மழையும் வீணாகாமல் சேர. நெசவாளர் வீட்டில் தறிக்குத்தானே முதல் இடம்? இதையெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பிள்ளையைக் கேட்க விடுங்கள். ஊர் திரும்பியதும் சொந்த வீட்டின் நிலைக்கதவை நின்று பார்ப்பார்கள், அதற்காகவே போகலாம். மண்பானை வனைகிற இடமும் உண்டு. அரைநாள் ஒதுக்குங்கள்.

அன்றைக்கே மகாபலிபுரம் போவதாக இருந்தால், தொல்லியல் துறைச் சின்னங்களுக்குப் பதினைந்து வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் மட்டும் பார்த்தாலும் போதும்.

பள்ளத்தூரிலிருந்து: நம்ம ஊர்க்காரர்கள் சென்னையில் கட்டினதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. எங்கே போகலாம்?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். மற்றதெல்லாம் யாரும் காட்டலாம், இதை நாம்தான் காட்டவேண்டும்.

மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்குங்கள். அண்ணா சாலையில் நிமிர்ந்து பார்த்தால் எல்.ஐ.சி. கட்டடம். அதை எழுப்பத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக. 1954ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் போய்விட்டார். 1956ல் ஆயுள் காப்பீட்டுத் துறை அரசுடைமையானது. 1959ல் எல்.ஐ.சி.யின் பெயரில் கட்டடம் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது அதுதான். அதே சாலையில் இருக்கிற இந்தியன் ஓவர்சீஸ் வங்கித் தலைமையகமும் அவர் பெயரைச் சொல்வதுதான். 1937 பிப்ரவரி 10 அன்று அந்த வங்கியை அவர் தொடங்கியபோது ஒரே நேரத்தில் மூன்று ஊர்களில் கிளை: சென்னை, ரங்கூன், நம்ம காரைக்குடி. வங்கிக் கணக்கு வைத்திருக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று 1943ல் தமிழ் இசைச் சங்கத்தை ஏற்படுத்திய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கியது. ராஜா அண்ணாமலைபுரமும் அவர் பெயரில்தான். அங்கே ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செட்டிநாடு அரண்மனை குடும்பத்தினரின் சொந்த வீடு. உள்ளே கேட்காதீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் போதும். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு அவர் மகன் எம்.ஏ. சிதம்பரம் பெயர் என்பதைச் சொன்னால் பையன்கள் காது கொடுப்பார்கள்.

சினிமாப் பிரியர்கள் வடபழனி போகலாம். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் நம்ம ஊரில்தான் கொட்டகை போட்டுப் படமெடுத்தார். பிறகுதான் ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. அந்த வளாகத்தில் 2023ல் அருங்காட்சியகம் திறந்தார்கள், பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் இருக்கின்றன.

நம்ம பிள்ளைகள் பெரிய ஊருக்குப் போனால் கொஞ்சம் ஒடுங்கிப் போகிறார்கள். அந்த ஊரை எழுப்பியதில் நமக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தால் நிமிர்ந்து நடப்பார்கள்.

கோட்டையூரிலிருந்து: எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவில் இருந்தவர். இப்போது 85 ஆகிறது. அவரையும் அழைத்துப் போகிறோம். அவருக்குப் பிடித்த மாதிரி என்ன செய்யலாம்?

சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் அத்தோ வாங்கிக் கொடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பக்கத்தில் இருக்கிற பர்மா பஜாரும் 1969ல் அப்படி வந்தவர்கள் பிழைக்க ஏற்பட்டதுதான். ஐயாவுக்குக் காரம் ஆகாது என்றால் முதலிலேயே குறைக்கச் சொல்லுங்கள். அவர் அங்கே பேச ஆரம்பித்தால் அவசரப்படுத்தாதீர்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்காரட்டும்.

கடல் பார்க்க மணலில் நடக்கவேண்டியதில்லை. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மெரினாவில் அலை வரைக்கும் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும். அந்த இல்லம் 1842ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நம்பவே மாட்டார்கள்.

அரியக்குடியிலிருந்து பத்து வயதுப் பெண்பிள்ளை, அம்மா மூலம்: ஆமைக்குஞ்சு பார்க்க முடியுமா ஆயா?

நீ போகிற நேரம் நல்ல நேரம் கண்ணு. ஜனவரியிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். 45 நாளுக்கு மேல் கழித்துக் குஞ்சு வரும். பெசன்ட் நகர்க் கடற்கரையில் முட்டைகளை வேலிகட்டிப் பாதுகாத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு ஒன்று ராத்திரியில் மக்களைக் கரையோரம் நடத்தி அழைத்துப் போகிறது. நடை நீளம், விடியவிடிய ஆகும். அம்மாவிடம் கேட்டு மதியமே தூங்கிவிடு. கடல் பக்கம் டார்ச் அடிக்கக்கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி தேடும், விளக்கைக் கண்டால் திசை மாறிவிடும். கையால் தூக்கவும் கூடாது.

செட்டிநாட்டிலிருந்து: பையனுக்கு ரயில் என்றால் உயிர்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம். பழைய எஞ்சின்கள், குட்டி ரயில் எல்லாம் உண்டு. திங்களன்று போகாதீர்கள்.

கண்டனூரிலிருந்து: ஊருக்குள் போகவர ஆட்டோவுக்கே பணம் கரைகிறது அக்கா.

எழும்பூரில் தங்கினால் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம், மெட்ரோவும் வாசலில். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931லிருந்து ஓடுகிறது, இன்றைக்கும் அதைவிட மலிவு ஒன்றும் இல்லை. காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை மட்டும் பிள்ளைகளோடு ஏறவேண்டாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021லிருந்து கட்டணம் இல்லை. ஆட்டோ எடுத்தால் செயலியில் காட்டுகிற தொகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ராமச்சந்திரபுரத்திலிருந்து: பங்குனியில் போகிறோம். மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்றைக்குக் குழந்தையோடு போகலாமா?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அது. அறுபத்துமூன்று நாயன்மாரும் பல்லக்கில் மாடவீதி வருவார்கள். பார்க்கவேண்டிய காட்சிதான், ஆனால் கூட்டம் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கும். கைக்குழந்தை என்றால் அன்று வேண்டாம், வேறொரு நாள் காலையில் கபாலீஸ்வரரைப் பாருங்கள். வளர்ந்த பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று கோயில் வாசலிலேயே ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து: மெரினாவில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? கடைசி நாள் என்ன செய்வது?

குளிக்கவே கூடாது. கரையை ஒட்டியே ஆழம், இழுப்பும் பலம். அங்கே குளிக்கத் தடை இருக்கிறது. கணுக்கால் நனைவது போதும், அதுவும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு.

கடைசி நாள் பல்லவனில் திரும்புவதாக இருந்தால் அது பிற்பகலில் கிளம்பும், ராத்திரி காரைக்குடி. காலையில் பாண்டி பஜார் போங்கள், நடைபாதை அகலமாக இருக்கிறது. ரங்கநாதன் தெருவுக்குள் பிள்ளைகளை இழுத்துப் போகாதீர்கள், ஒருவர் அறையில் அவர்களோடு இருக்கட்டும். பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.